பச்சை டப்பாவுக்கு நான் வாங்கிக் கொடுத்த கெட்ட பெயர்

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம் மெக்கானிக் சங்கத்தில் கேட்டார்கள். முப்பத்து நான்கு வருடம் திருப்பூரில் கார் பழுது பார்த்தவனிடம் பெருமைக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றை நானே ஊர் முழுக்கச் சொல்லித் தீர்த்துவிட்டேன். கேட்டவர்கள் இப்போது என்னைக் கண்டால் ரோட்டின் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள். அதனால் இதுவரை யாரிடமும் முழுதாகச் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காததால் ஒரு மனிதர் கடையை மூட இருந்த கதை இது.

எண்பதுகளின் நடுவரை எங்களுக்கு அம்பாசிடர்தான் உலகம். பிறகு பனியன் ஏற்றுமதி சூடு பிடித்தது. ஆளாளுக்குச் சின்னக் கார் வாங்கினார்கள். அதில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக். சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டை உள்பக்கம் ஒன்றும் வெளிப்பக்கம் ஒன்றுமாக இரண்டு பேடுகள் கவ்விப் பிடிக்கும். பேடு தேய்ந்தால் மாற்ற வேண்டும். கார் கம்பெனியின் பேடு கிடைப்பது அப்போது குதிரைக்கொம்பு. வெளிக்கம்பெனிப் பேடுகள் மூன்று வந்தன. அவற்றின் பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. டப்பாவின் நிறத்தையே பெயராக்கிக்கொண்டோம்: சிவப்பு, மஞ்சள், பச்சை. இதில் எது நல்லது என்று வண்டிக்காரர்கள் எங்களைக் கேட்டார்கள். எங்களுக்கும் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்ல எங்களில் ஒருவனுக்கும் வாய் வரவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு எக்ஸ்போர்ட் ஆபீசுக்குக் காரை விட்டுவரப் போனேன். உட்காரச் சொன்ன அறையில் சுவர் முழுக்கச் சாம்பிள் பனியன்கள் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை. என்ன நூல், என்ன எடை, எந்தத் தேதி என்று எழுதியிருந்தது. வெளிநாட்டுக்காரர் வந்தால் சுவரைப் பார்த்தே ஆர்டர் பேசுவார்களாம். எனக்குப் பொறி தட்டியது. அவர்கள் கழித்துப் போட்டிருந்த விலை அட்டைகளை நூலோடு ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு வந்தேன்.

பெருமாநல்லூர் ரோட்டில் இருந்த என் ஷெட்டின் பின்சுவரில் மூன்று வரிசை ஆணி அடித்தேன். வண்டியிலிருந்து கழற்றிய தேய்ந்த பேடை அதன் நிறத்துக்குரிய வரிசையில் தொங்கவிடுவேன். அட்டையில் வண்டி நம்பரும், பேடு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதும் இருக்கும். ஒரு சக்கரத்தில் இரண்டு பேடு உண்டல்லவா, அதில் அதிகம் தேய்ந்ததை மட்டும்தான் மாட்டுவேன். மற்றது பழைய இரும்புத் தொட்டிக்குப் போய்விடும். இரண்டையும் மாட்டச் சுவரில் இடம் வேண்டுமே.

“மாரியாத்தா கோயில்ல வேண்டுதலுக்குக்கூட இத்தன கட்டித் தொங்க உடமாட்டாங்க” என்று சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி சிரித்தாள். அவள் சிரித்தது எனக்குப் பாராட்டாகத்தான் பட்டது.

ஒன்றரை வருடத்தில் சுவர் நிறைந்தது. பக்கத்து ஊரான நெருப்பெரிச்சலில் இருந்தெல்லாம் ஒர்க்‌ஷாப்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மஞ்சள் வரிசையில் பெரும்பாலும் இருபத்தைந்தாயிரம், முப்பதாயிரம் கிலோமீட்டர். சிவப்பும் பரவாயில்லை. பச்சையில் மட்டும் எட்டாயிரம், ஒன்பதாயிரத்திலேயே பேடு முழுக்கத் தேய்ந்து அடியில் இருக்கும் இரும்புத் தகடு தெரிந்தது. ஒன்று இரண்டு இல்லை, வரிசை முழுக்க அப்படித்தான். சின்னக் குழந்தையைக் கூட்டிவந்து காட்டினால்கூட எது மட்டம் என்று சொல்லிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் எங்கள் ஆட்கள் ஏழெட்டுப் பேர் இருந்தோம். பேச்சு பிரேக்கில் வந்து நின்றது. நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்:

“பச்ச டப்பாவ வாங்கி மாட்டறதுக்கு ரெண்டு பலகையச் செதுக்கி மாட்டிக்கலாமுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. ஒரே வாரத்தில் அந்த வார்த்தை அவிநாசிக்கும் பல்லடத்துக்கும் போய்விட்டது. பொங்கலூரில் இருக்கும் என் மச்சான், “திருப்பூர்ல ஒரு மெக்கானிக் என்னமோ சொன்னாராமா” என்று அதை என்னிடமே சொன்னார். அது நான்தான் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு அத்தனை சந்தோஷம்.

பச்சை டப்பாவுக்குத் திருப்பூர் ஏஜென்சி எடுத்திருந்தவர் காஜா பாய். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். கடை வைப்பதற்கு முன்னால் பன்னிரண்டு வருடம் சைக்கிளில் பனியன் வேஸ்ட் மூட்டை கட்டிக்கொண்டு வந்து எங்கள் ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கை துடைக்கத் துணி கொடுத்தவர். ஷெட் ஷெட்டாகச் சுற்றியதில் எந்த வண்டிக்கு எந்தச் சாமான் எப்போது போகும் என்பது அவருக்கு அத்துப்படி. நொய்யல் ஆற்றோரமாகச் சாயப்பட்டறைகளுக்குப் போகும் ரோட்டில் ஒரு சின்னக் கடை பிடித்து, இந்தக் கம்பெனிக்காரர்களை நடையாய் நடந்து பார்த்து ஏஜென்சி வாங்கியிருந்தார். பச்சை டப்பாதான் அவர் கடைக்கு உயிர். மற்றதெல்லாம் சில்லறைச் சாமான்.

ஒரு சனிக்கிழமை காலையில் அவர் என் ஷெட்டுக்கு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நானும் விறைத்துக்கொண்டு நின்றேன்.

“ஏனுங்ணா, பச்சைய மாட்ட வேண்டாம்னு சொன்னீங்களாமா?”

“நான் சொல்லலீங்க பாய். செவுரு சொல்லுது. நீங்களே வந்து பாருங்க.”

பச்சை வரிசையை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். ஒவ்வோர் அட்டையையும் திருப்பிப் படித்தார். “அத்தனையும் என்ற கடையில போனதுதானுங்க” என்றார் மெதுவாக.

“அதுக்கு நான் என்னங்க பண்றது? தேஞ்சது தேஞ்சதுதானுங்களே.”

“ரெண்டு மாசமா ஒரு டப்பா நகரலீங்ணா. கம்பெனிக்காரரு புதன்கெழம வர்றாருங்க. சரக்கத் திருப்பி எடுத்துக்கிட்டு ஏஜென்சியக் கோயமுத்தூர்க்காரருக்குக் குடுக்கறாங்களாமா.”

“அப்பறம் என்னங்க பண்ணுவீங்க?”

“அப்பறமென்னங்ணா, சைக்கிளு இருக்குதுங்களே” என்று சிரித்தார். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். அவர் சிரித்துவிட்டதால் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சுவர் பக்கம்தான் நியாயம் என்று நினைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனி வேன் கிளட்ச் வேலைக்கு வந்தது. அதில் ஓர் அம்மா வந்தார். பெயர் வேண்டாம், இன்னும் இதே ஊரில்தான் இருக்கிறார், எழுதினால் கோபித்துக்கொள்வார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து அந்தக் கம்பெனியில் துணித் தரம் பார்க்கும் வேலையில் இருந்தார். ஒவ்வொரு சாயப்பட்டறையாகப் போய், சாயம் போட்ட துணி சரியாக இருக்கிறதா, துவைத்தால் எவ்வளவு சுருங்குகிறது என்று பார்ப்பதுதான் நாள் முழுக்க அவர் வேலை. வேன் தயாராகும்வரை டீ டம்ளரோடு என் சுவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, இந்த வரிச பூரா சாயப்பட்டற வண்டியாத் தொங்கவிட்டிருக்கியளே, எதுக்கு?”

“எந்த வரிசைங்க?”

“இந்தா, இந்தப் பச்ச. இந்த நம்பரு நான் தெனமும் போற பட்டற மொதலாளி வண்டில்லா. இது அடுத்த பட்டற. இது சலவைப் பட்டற மானேசரு வண்டி. மஞ்சள்ல தொங்குதது எல்லாம் எங்க கம்பெனி வண்டியும் பக்கத்துக் கம்பெனி வண்டியும். ஆபீசு போர்ட்டிகோவுல நெழல்ல நிக்கித வண்டிக.”

“வண்டி யாருதா இருந்தா என்னங்க? பேடு பேடுதானுங்களே?”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “ரெண்டு லாட்டுத் துணி வருது, எது சுருங்குதுன்னு நான் பாக்கணும்னு வைங்க. ஒண்ண நொய்யல் தண்ணியில அலசிட்டு, இன்னொண்ண லாரியில வருத நல்ல தண்ணியில அலசிட்டு, இது சுருங்குது அது சுருங்கலன்னு எழுதிக் குடுத்தா எனக்கு வேல இருக்குமா அண்ணாச்சி? ரெண்டையும் ஒரே தண்ணியிலல்லா போடணும்?”

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வீம்பு விடவில்லை. இரும்பும் துணியும் ஒன்றா என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவர் சிரித்துவிட்டு வேனில் ஏறிப் போனார்.

அவர் போனதும் பழைய இரும்புத் தொட்டியைக் கவிழ்த்தேன். நல்லவேளை, பழைய இரும்புக்காரன் நாலைந்து மாதமாக வந்திருக்கவில்லை. பச்சைப் பேடுகளின் ஜோடிகளைத் தேடி எடுத்துச் சுவரில் தொங்கியவற்றோடு சேர்த்து வைத்தேன். சுவரில் இருந்தது தகடு தெரியத் தேய்ந்திருந்தது. தொட்டியிலிருந்து வந்தது பாதிகூடத் தேயவில்லை. பத்து ஜோடி பார்த்தேன், பத்தும் அப்படியே.

உங்களுக்கு இது புரிந்திருக்கும். பேடு மட்டமாக இருந்தால் இரண்டும் ஒன்றாகத் தேய வேண்டும். ஒன்று மட்டும் தேய்கிறது என்றால், பேடுகளைத் தாங்கும் காலிப்பர் நகராமல் இறுகியிருக்கிறது. சாயப்பட்டறை வாசலில் எந்நேரமும் சாயக் கழிவின் உப்புத் தண்ணீர். காற்றில் பிளீச்சிங் பவுடர் நெடி. காலிப்பர் நகர்வதற்கென்று இருக்கும் பின்கள் என்ற சின்னக் கம்பிகள் அதில் துருவேறிப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் ஒரு பேடு தட்டை விடாமல் உரசிக்கொண்டே ஓடும். காஜா பாயின் கடை அந்த ரோட்டில் இருந்ததால் அந்த வண்டிகளுக்கெல்லாம் பச்சை போனது. மஞ்சள் விற்றவர் கடை டவுனுக்குள் இருந்தது. நான் பேடை ஒப்பிட்டதாக நினைத்துக்கொண்டு ரோட்டை ஒப்பிட்டிருந்தேன். இரண்டு பேடையும் மாட்டியிருந்தால் முதல் மாதமே தெரிந்திருக்கும். ஒன்றைத் தொட்டியில் போட்டவனும் நான்தான்.

புதன்கிழமைக்கு ஒரே ஒரு நாள்தான் நடுவில் இருந்தது. அன்று சாயங்காலமே மொபெட்டை எடுத்துக்கொண்டு ஒரு சாயப்பட்டறைக்குப் போனேன். அந்த முதலாளி, பச்சை வேண்டாம் என்று நான் சொன்னதைக் கேட்டு மூன்று மாதம் முன்புதான் டவுனில் மஞ்சள் வாங்கிப் போட்டிருந்தார். சக்கரத்தைக் கழற்றினேன். உள்பேடு தகட்டைத் தொட்டுவிட்டது. வெளிப்பேடு கொழுகொழுவென்று இருந்தது. பின்னைச் சுத்தியலால் தட்டினேன், அசையவில்லை. அடுத்து, காஜா பாயிடம் பச்சை வாங்கிய ஒரு டாக்டரின் வீட்டுக்குப் போனேன். அவர் வண்டி பூட்டிய ஷெட்டுக்குள் நிற்கும். இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடியும் பேடுகள் இரண்டிலும் ஒரே அளவு பாக்கி இருந்தது.

இரண்டு வண்டிதான் பார்த்தேன். என் சுவர் சொன்னது பொய் என்று சொல்ல இது போதும். பச்சை நல்லது என்று சொல்ல இது போதாது. இந்த வித்தியாசத்தை நான் நன்றாகத்தான் புரிந்துகொண்டேன். புரிந்துகொண்டும் இரண்டு நாளில் மறக்கப் பார்த்தேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

வீட்டில் சொன்னபோது மனைவி, “சொன்ன வாயாலயே மாத்திச் சொல்லிட்டு வாங்க. அதுக்கென்னங்க இப்ப?” என்றாள். அவளுக்கென்ன, சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். செவ்வாய்க்கிழமை ஷெட்டைச் சாத்திவிட்டுப் பதினான்கு ஒர்க்‌ஷாப் ஏறி இறங்கினேன். ஒவ்வொரு இடத்திலும் அந்த ஜோடிப் பேடுகளைக் காட்டி, “நான் சொன்னது தப்புங்க” என்றேன். முதல் இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஐந்தாவது இடத்தில் பழகிவிட்டது. சிலர் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். ஒருவர், “பாய் எவ்வளவுங்க குடுத்தாரு?” என்று கேட்டார். என்னோடு ஒன்றாகத் தொழில் பழகிய ஒருவன் ஸ்பேனரைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கத்தினான்:

“உன்ற பேச்சக் கேட்டு முப்பது பேருகிட்ட நானும் சொல்லிட்டேன். இப்ப நான் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெக்கறது?”

அவன் கேட்டது நியாயம். அவனும் போய்ச் சொல்ல வேண்டும் என்று நான் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

புதன்கிழமை காலை நான் போய்ச் சேர்ந்தபோது கடை வாசலில் டெம்போ நின்றது. பச்சை டப்பாக்கள் பாதி ஏறிவிட்டன. கம்பெனிக்காரர் சென்னையிலிருந்து வந்திருந்தார், கழுத்தில் டை. காஜா பாய் தாமே ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் நடந்ததை எல்லாம் சொல்லி, ஜோடிப் பேடுகளை மேஜையில் வைத்தேன்.

கம்பெனிக்காரர் பொறுமையாகத்தான் கேட்டார். “எல்லாம் சரி மிஸ்டர். ஊர்ல பேர் கெட்டுப்போச்சு, சரக்கு போகலை. நான் மேல என்ன பதில் சொல்றது?” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஒண்ணு செய்யலாம். உங்க வார்த்தைக்கு இங்க மதிப்பு இருக்குன்னு தெரியுது. மூணு கம்பெனியையும் சோதிச்சுப் பார்த்தேன், பச்சைதான் முதலிடம்னு உங்க லெட்டர்பேட்ல எழுதிக் கொடுங்க. நான் நோட்டீஸ் அடிச்சு ஜில்லா முழுக்க ஒட்டறேன். ஏஜென்சி இவர்கிட்டயே இருக்கட்டும்” என்றார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் பேனாவை எடுத்துவிட்டேன். செய்த பாவத்தை நாலு வரியில் தீர்த்துவிடலாம் என்றால் யார்தான் எடுக்க மாட்டார்கள்? காஜா பாய் கையிலிருந்த பெட்டியை இறக்கிவிட்டு வந்து பேனாவின் மேல் கை வைத்தார்.

“வேண்டாமுங்ணா.”

“பாய், உங்க கடை…”

“தெரியுதுங்ணா. நீங்க பாதி பாத்துட்டுச் சொன்னீங்க, அதுல நான் போயிட்டேன். இப்ப அந்தப் பாதியும் பாக்காம எழுதுனீங்கன்னா நாளைக்கு மஞ்சக் கடைக்காரரு போயிடுவாருங்க. அவருக்கும் புள்ளகுட்டி இருக்குதுங்களே.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடை போகப்போகிற மனிதர், தனக்குப் போட்டியாக விற்பவருக்காகப் பேசுகிறார். நானோ ஒரு கைத்தட்டலுக்காக அவர் சோற்றில் மண்ணைப் போட்டவன். எனக்கு என்ன தெரியுமோ அதை மட்டும் எழுதினேன். பச்சையைப் பற்றி நான் சொன்னது தவறு, சாயப்பட்டறை வண்டிகளில் காலிப்பர் பின் இறுகியதால் பேடு தேய்ந்தது, எது நல்ல பேடு என்று எனக்கு இன்னும் தெரியாது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

“இதை வெச்சு நான் என்ன நோட்டீஸ் அடிக்கறது?” என்று கம்பெனிக்காரர் அலுத்துக்கொண்டார். ஆனால் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஜோடிப் பேடுகளைக் கையில் எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பன்னிரண்டு டப்பாவை மட்டும் இறக்கச் சொன்னார். “மூணு மாசம். அதுக்கு மேல என்னால முடியாது.”

அந்த மூன்று மாதமும் காஜா பாய் செய்தது எங்கள் தொழிலில் நான் கண்டிராத காரியம். பேடு கேட்டு வருபவரிடம் டப்பாவை எடுத்துக் கொடுக்க மாட்டார். வண்டி எங்கே நிற்கிறது என்று முதலில் கேட்பார். பிறகு சக்கரத்தைக் கழற்றிப் பின்னைத் தன் கட்டைவிரலால் தள்ளிப் பார்ப்பார். இறுகியிருந்தால் அதைச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்துவிட்டு, “பேடு இன்னும் ஓடுமுங்க, இப்ப வேண்டாம்” என்று அனுப்பிவிடுவார். விற்க வேண்டிய நேரத்தில் விற்காமல் அனுப்புகிறாரே என்று நான் முணுமுணுப்பேன். அப்படிப் போனவர்கள் அடுத்த மாதம் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். என்னைத் திட்டிய பழைய கூட்டாளிகூட ஒருநாள் வந்து நின்றான். நானும் சுவரைக் காலி செய்து, இந்த முறை ஜோடியாக மாட்டினேன். அட்டையில் வண்டி நிற்கும் இடத்தையும் எழுதினேன். எழுத எழுத மூன்று டப்பாவுக்கும் நான் நினைத்த அளவுக்கு வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது.

மூன்று மாதம் கழித்துக் கம்பெனிக்காரர் தன் சொந்தக் காரிலேயே வந்தார். நான் அப்போது கடையில்தான் இருந்தேன். அலமாரிப் பலகை காலியாக இருப்பதைப் பார்த்து, “பன்னிரண்டும் போச்சா? அப்ப ஏஜென்சி இங்கேயே இருக்கட்டும். ஆமா, என்ன சொல்லி வித்தீங்க?” என்று ஆச்சரியமாகக் கேட்டார்.

காஜா பாய் வாசலில் நின்ற காரைப் பார்த்தார். “உங்க வண்டி எங்கீங்க சார் நிக்கும்?”

“மெட்ராஸ்ல. வீடு கடற்கரை ஓரம். ஏன்?”

“சக்கரத்தக் கழட்டிப் பாக்கட்டுங்களா?”

“நம்ம பேடுதான்யா, அதுவும் போன மாசம்தான் மாத்தினேன்” என்று சிரித்தார். காஜா பாய் அதற்குள் ஜாக்கி வைத்துவிட்டார். சக்கரம் வந்தது. கட்டைவிரலால் பின்னைத் தள்ளினார். நகரவில்லை. இன்னொரு முறை தள்ளிவிட்டு அண்ணாந்து அவரைப் பார்த்தார்.

கம்பெனிக்காரர் டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு ரோட்டோரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தன் விரலாலேயே தள்ளிப் பார்த்தார்; அவருக்கும் நகரவில்லை. காஜா பாய் திரும்பாமலே என் பக்கம் கையை நீட்டினார். நான் ஸ்பேனரை எடுத்து அந்தக் கையில் வைத்தேன்.